அம்மாவின் ஓங்கிய கை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மறதிநோயோடு இருக்கும் அம்மாவின் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஆனால் பயிற்சி கொடுக்க வருகிற பிசியோதெரபிஸ்ட்டை அவர் அடிக்கக் கை ஓங்குகிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியிலேயே என் மனம் நின்றுவிட்டது. இந்தத் தொழிலில் நானும் அப்படி அடி வாங்கியவன்தான்.

தொடக்கக் காலத்தில், மறதிநோய் முற்றிய ஒரு மூதாட்டியிடம், "காலைப் பின்னால் இழுத்து, முன்னால் சாய்ந்து, கைப்பிடியை அழுத்தி எழுந்திருங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்வேன். மூன்றாவது கட்டளையை நான் சொல்லி முடிப்பதற்குள் முதலாவது அவரிடமிருந்து நழுவியிருக்கும். என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பேசுவதை விட்டுவிட்டு, எட்டினால் கிடைக்கும் தூரத்தில் ஒரு துண்டை மடிக்கத் தெரியாதவன்போல் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் பொறுக்கமாட்டாமல் முன்னால் சாய்ந்து, கைப்பிடியை ஊன்றி எழுந்து, அதை என்னிடமிருந்து பிடுங்கி, விளிம்போடு விளிம்பு பொருத்தி நான்காக மடித்தார். அல்சைமர் எனும் மறதிநோய், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியைத் தொடக்கத்திலேயே தாக்கிவிடுகிறது. எழுவது, நடப்பது, மடிப்பது போன்ற கைப்பழக்கங்களோ மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்திருப்பதால் நெடுநாள் தங்கிவிடுகின்றன. ஆகவே அம்மாவுக்குக் கட்டளையைவிட எழுவதற்கு ஒரு காரணம்தான் தேவை.

பேசத்தான் வேண்டுமென்றால், பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ தொடாமல், முன்னால் வந்து, அவர் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு செயலைச் சொல்லும்படி அந்தப் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல். பிறகு காத்திருக்க வேண்டும். மனத்துக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இடையில் அதையே வேறு சொற்களில் சொன்னால், பாதி புரிந்ததையும் விட்டுவிட்டு அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். (இந்தத் தவற்றை நான் இன்னும் செய்கிறேன்.) கண்ணாடியும் காதுக்கருவியும் மேசையில் கிடக்க, அம்மாவுக்குப் புரியவில்லை என்று குறைகூறுவதில் நியாயமில்லை.

ஓங்கிய கைக்கு வருகிறேன். முழங்காலை வேகமாக மடக்கினால் அவர் உடல் தானாக விறைத்து எதிர்க்கும். மெல்ல மடக்கினால் அந்த எதிர்ப்பு பெரும்பாலும் தளரும். அதைப் பிடிவாதம் என்பது நம் அறியாமை. வலியையும் ஐயப்பட வேண்டும். "வலிக்கிறது" என்று சொல்ல வராதவருக்கு அடிப்பதுதான் மொழி. இதற்கென்றே பெய்னாட் என்றோர் அளவுகோல் உண்டு: மூச்சு, முனகல், முகபாவம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் சுழியிலிருந்து இரண்டுவரை மதிப்பெண் போட்டு, பத்துக்குக் கணக்கிடுவார்கள். பயிற்சி நேரத்தை ஒட்டி வலிமருந்து கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் அவசியம் கேள்.

பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரமாயிற்று என்று அவர் தவித்தால், அறுபதை நெருங்கும் உன்னைக் காட்டித் திருத்தாதே. "வாருங்கள், வாசலில் போய்ப் பார்ப்போம்" என்று கைகொடு. அன்றைய நடைப்பயிற்சி அதிலேயே முடிந்துவிடும்.

என் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. பிறர் முழங்காலைக் கவனித்தே என் முழங்கால் தேய்ந்துவிட்டது. எந்த நேரத்தில், எந்த அசைவின்போது அம்மா கை ஓங்குகிறார் என்று ஒரு வாரம் குறித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்