போஸ்டரில் ஒரு வரி எழுதுங்கள்

தமிழ்ப் படங்களை மலேசியாவுக்குக் கொண்டுவரும் விநியோகிப்பாளர்களுக்கும் திரையரங்கு உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். போன தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஒன்பது பேர் படத்துக்குப் போனோம். என் மகளுக்கு ஆறு வயது. டிக்கெட்டில் வயதுப் பிரிவு 'பி12' என்று இருந்தது. பண்டிகைப் படம்தானே என்று இருந்துவிட்டேன். பாதிப் படத்தில் அரிவாள் வந்ததும் பிள்ளை பாப்கார்ன் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். "முடிஞ்சிருச்சாப்பா?" என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒரு வாரம் குளியலறைக்குத் தனியாகப் போகவில்லை.

முன்பு யு, பி13, 18 என்று மூன்றே பிரிவுகள். 2023-இல் தணிக்கை வாரியம் அதை யு, பி12, 13, 16, 18 என்று ஐந்தாக்கியது. நல்ல காரியம்தான். வெறும் எண் போட்டிருந்தால் அந்த வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. முன்னால் 'பி' இருந்தால் 12 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம். 'பி' என்றால் மலாயில் பெஞ்சாகா, பாதுகாவலர். அதாவது நான்! சரி, எதை வைத்து வழிகாட்டுவது?

இந்தியாவில் 2024 நவம்பரிலிருந்து பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கும் 'யுஏ' பிரிவை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள், ஆனால் அந்தச் சான்றிதழ் இங்கே செல்லாது. அதே படம் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்தால், தொடங்கும்போதே மூலையில் வயதோடு காரணமும் தெரிகிறது. ஒன்பது டிக்கெட் வாங்கியவனுக்கு எண் மட்டும்தான்.

வயதை வாரியம் சொல்லட்டும். காரணத்தை நீங்கள் எழுதலாமே. நாயகனின் பட்டத்துக்கெல்லாம் போஸ்டரில் இடமிருக்கிறது. அதற்குக் கீழே 'வெட்டுக்குத்து அதிகம்', 'பேய் வரும்', 'குடிக்கிற காட்சி நிறைய' என்று ஒரு வரி போடுங்கள். டிக்கெட் வாங்கும் செயலியிலும் அதே வரி இருக்கட்டும். 'முதிர்ச்சியான உள்ளடக்கம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், என் அம்மாவுக்குப் புரியாது.

அன்றைக்கு டிக்கெட் கிழித்த தம்பி பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஹால் நாலு, மேல போங்கண்ணே" என்றார். "அண்ணே, ரத்தம் ஜாஸ்தி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருப்பேன். மற்ற ஏழு பேரும் படம் பார்த்திருப்பார்கள், உங்களுக்கும் நஷ்டமில்லை.

பொங்கல் படத்தின் போஸ்டர் வந்துவிட்டது. "அதுல கத்தி இருக்காப்பா?" என்று இப்போதே கேட்கிறாள். போஸ்டரில் நாயகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அதை வைத்து நான் என்ன சொல்ல?

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
செந்தூல், கோலாலம்பூர்