ஆடி மாதக் கச்சேரிக்குத் தோள் கொடுத்த எல்லாருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

ஆடிப்பெருக்கு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தஞ்சாவூரில் எங்கள் குழுவின் ஹெவி மெட்டல் (கனத்த சத்தத்து ராக் இசை) கச்சேரி நல்லபடியாக நடந்து முடிந்தது. முழுக்க எங்கள் சொந்தப் பாட்டுகள். மண்டபம் பிடித்து, டிக்கெட் போட்டு, நாங்களே தனியாக மேடை ஏறியது இதுதான் முதல் தடவை. மேடையில் நின்றது நான்கு பேர், கைதட்டலும் அந்த நான்கு பேருக்குத்தான் கிடைத்தது. ஆனால் இதை நடத்திக் கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதுவரை ஒரு மெட்டல் பாட்டுகூடக் கேட்டதில்லை. அவரவர் தொழிலில் என்ன சுத்தம் பார்ப்பார்களோ அதே சுத்தத்தை எங்கள் வேலையிலும் பார்த்தார்கள். நேரில் கையைப் பிடித்துச் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டார்கள். அதனால் நான் கூப்பிடுகிற முறையிலேயே எழுதுகிறேன். உரியவர்களுக்குப் புரியும்.

மண்டப மேனேஜர் அண்ணே, முதலில் உங்களுக்கு. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். எங்கள் கைக்கு எட்டுகிற வாடகைக்கு மண்டபம் கிடைப்பது அந்த ஒரு மாதத்தில்தான். என்ன மாதிரி கச்சேரி என்று கேட்டீர்கள். போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லாமல் கடைசிவரை கேட்டுவிட்டு, "பத்து மணிக்குள்ள முடிச்சுடணும் தம்பி, பக்கத்துல கைக்குழந்தை இருக்கிற வீடுங்க" என்று மட்டும் சொன்னீர்கள். 9.45-க்கு முடித்துவிட்டோம்.

ஆர்கெஸ்ட்ரா அண்ணனுக்கு ஆடி என்றால் நேர் எதிர். ஊருக்கு ஊர் அம்மன் கோயில் திருவிழா, கூழ் ஊற்றல், தீமிதி. மேடை இல்லாத ராத்திரியே கிடையாது. என் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது. மாயவரம், மன்னார்குடி, வேதாரண்யம் என்று டெம்போவில் சாமான்களோடு உட்கார்ந்து போய், விடிய விடிய சினிமாப் பாட்டுக்கு பேஸ், அதாவது கீழ்ச் சுரங்களுக்கான கிடார், வாசித்துத்தான் என் கை உறுதிப்பட்டது. நல்ல மெல்லிசைக் குழுவில் ஐந்து வருஷம் வாசித்தவனுக்கு எந்த இசையும் பயம் காட்டாது என்பது என் அனுபவம். அப்படிப்பட்ட சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டபோது அண்ணன் முகம் கோணவில்லை. அன்றைக்கு அவர் குழுவில் கீபோர்டு தம்பி இடது கையிலேயே பேஸ் போட்டுச் சமாளித்தார். அந்தத் தம்பிக்கும் நன்றி. போதாததற்கு, தன்னுடைய பேஸ் ஆம்பையும் (ஆம்ப்ளிஃபயர்) மேடையில் நமக்கே கேட்க வைக்கிற இரண்டு மானிட்டர் ஸ்பீக்கரையும் வாடகை வாங்காமல் ஏற்றி அனுப்பினார் அண்ணன்.

அந்த ஆம்பைக் காலையில் மண்டபத்தில் போட்டதும் ஒரே இரைச்சல். ஊம் என்று அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு ஹம். நம் ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு. பேஸின் இ தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டில் (வீணையில் மெட்டு என்பார்களே, அது) வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், அந்த ஜி-யை வாசித்தபோதெல்லாம் சத்தம் நொடிக்கு ஒரு தரம் வீங்கி வீங்கி அடங்கியது. எங்கள் பாட்டுகளில் பாதி அந்த சுரத்தில்தான் நிற்கின்றன. அதைவிடக் கவலை, பாடுகிற தம்பி கிடாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைத்ததும் சுரீர் என்று இழுத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, யாரைக் கூப்பிடுவது?

வயர்மேன் அண்ணே, நீங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தீர்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். வந்ததும் ஆம்பைத் தொடவே இல்லை. ஹோல்டரில் குண்டு பல்பைப் போட்டு, இரண்டு ஒயரில் ஒன்றைக் கரண்டு வரும் ஃபேஸ் கம்பியிலும் இன்னொன்றை நியூட்ரலிலும் வைத்தீர்கள். பல்பு பளிச்சென்று எரிந்தது. நியூட்ரலை விட்டு எர்த்தில் வைத்தீர்கள். பல்புக்குள் இருக்கிற இழை மட்டும் சிவந்து மினுங்கியது. "எர்த் செத்துக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு மண்டபத்தின் பின்பக்கம் போனீர்கள். எர்த் குழியில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது, பைப்பில் கட்டிய கம்பி துருவேறிக் கையோடு வந்தது. மேனேஜர் அண்ணன் உப்பு மூட்டையும் அடுப்புக்கரியும் வாங்கிவர ஆள் அனுப்பினார். பழைய பைப்பைப் பிடுங்கிவிட்டுப் புது ஜிஐ பைப் இறக்கி, கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினீர்கள். மறுபடி பல்பை வைத்தபோது நியூட்ரலில் எரிந்த அதே வெளிச்சம். ஆம்பை ஆன் செய்தால் ஆன் ஆகியிருக்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதி. கல்யாண மண்டபம், பந்தல் என்று சுற்றுகிற எல்லா இசைக்காரர்களும் மைக்கில் ஷாக் வாங்கியிருப்போம். அதைச் சகஜம் என்று விட்டுவிடுவது ஆபத்து. அன்றைக்கு நீங்கள் வராமல் இருந்திருந்தால் நாங்கள் கச்சேரியை நிறுத்தியிருக்க வேண்டும். அதை எல்லார் முன்னிலும் சொல்கிறேன்.

இனி என் பேஸின் கதை. ஐந்து தந்தி பேஸ் அது. இ தந்தியைவிடக் கீழ்ச் சுருதிக்கு ஒரு பி தந்தி கூடுதல். மழைக்காலத்து ஈரமும் சித்திரை வெயிலும் மாறி மாறிப் பட்டு, நெக் வளைந்து, தலைப்பக்கம் தந்தி உட்காரும் நட் விண்டு போயிருந்தது. நெக்குக்குள் ஓடும் இரும்பு ராடைத் திருகி வளைவை நானே எடுத்துவிட்டேன். நட்டும், எழும்பி நின்ற ஃபிரெட்டும் என் கைக்கு மீறின வேலை. சென்னைக்கு அனுப்பினால் எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. ஒரு நண்பர் தஞ்சாவூரில் வீணை செய்கிற ஆசாரி ஐயாவிடம் கூட்டிப் போனார்.

ஐயா, பட்டறையில் பலாமரச் செதிலுக்கு நடுவே உட்கார்ந்து நீங்கள் பேஸை மடியில் வாங்கியதும் முதலில் செய்தது, ஃபிரெட்டுகளை விரலால் எண்ணியதுதான். "இதுக்கும் இருபத்துநாலு மெட்டுதானா?" என்று நிமிர்ந்து பார்த்துக் கேட்டீர்கள். வீணைக்கும் 24 மெட்டு, என் பேஸுக்கும் 24. அதற்குப் பிறகு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீணையில் மெழுகு பிடித்து மெட்டு வைக்கிறவருக்கு, மரத்தில் பள்ளம் அறுத்து அடித்து இறக்கிய மெட்டு எதனால் எழும்பும் என்று பார்த்ததுமே தெரிந்தது. வீணைக் குதிரையின் மேல் வைக்கிற பித்தளைத் தகட்டைப் போலவே ஒரு பித்தளைத் துண்டை எடுத்து நட் செய்தீர்கள். அளவுகோல் எதுவும் எடுக்கவில்லை. தந்தி ஒவ்வொன்றையும் அதனதன் பள்ளத்தில் வைத்துப் பார்த்து, அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி வைத்துப் பார்த்து இன்னொரு இழுப்பு. 0.130 இஞ்ச் தடிமன் உள்ள பி தந்தி இறுக்கமும் இல்லாமல் தொளதொளப்பும் இல்லாமல் உட்கார்ந்தது. எழும்பிய மெட்டைத் தட்டி இறக்கி, மேலே ஒரு தடவை அரம் ஓட்டினீர்கள். இப்போது திறந்த தந்தியை மீட்டினால் கணீரென்று பித்தளை பேசுகிறது. கூலி கேட்டதற்கு, "வாசிக்கிறப்ப சொல்லு, வர்றேன்" என்றீர்கள். சொன்னேன், வந்தீர்கள், முன்வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தீர்கள்.

தவில் மாமா எங்கள் டிரம்மருக்குத் தாய்மாமன். திருவாரூர்ப் பக்கம் கோயிலிலும் கல்யாணத்திலும் வாசித்து வாசித்துத் தழும்பேறியவர். எங்கள் பாட்டு ஒன்று ஏழு எண்ணிக்கையில் போகிறது. டிரம்ஸும் பேஸும் சரியான இடத்தில்தான் விழுந்தன, ஆனாலும் பாட்டு நடக்காமல் நொண்டியது. மருமகனைப் பார்க்க வந்த மாமா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் கீழ வைங்கடா. வாயால சொல்லுங்க முதல்ல. தகிட தகதிமி" என்றார். மிஸ்ர சாபு தாளம். மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழு. அன்று சாயங்காலம் முழுக்க நான்கு பேரும் தொடையில் தட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தோம். ராத்திரி பேஸை எடுத்தபோது எண்ண வேண்டிய தேவையே இல்லாமல் விரல் போனது.

மாமா, டீ குடிக்கும்போது நான் ஒரு விஷயம் சொன்னேன், ஞாபகம் இருக்கும். பிளாக் சாபத் என்ற மெட்டல் குழுவின் கிடார்காரர் டோனி அயோமி, இங்கிலாந்தில் பர்மிங்காம் என்ற தொழிற்சாலை நகரத்துப் பிள்ளை. 1965-இல் தகரத் தகடு வேலை செய்யும் ஆலையில் இயந்திரம் அவர் வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடது கைக்காரர், அதனால் தந்தியை அழுத்துகிற விரல்களே அவைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் கூடு செய்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். பிற்பாடு விரல் நோகாமல் இருக்கத் தந்தியின் இழுப்பைத் தளர்த்தி, சுருதியை இறக்கினார். இன்றைக்கு நாங்கள் வாசிக்கிற இந்தக் கனத்த சத்தத்துக்கு அதுவும் ஒரு மூலம். இதைக் கேட்டதும் நீங்கள் பையிலிருந்து உங்கள் விரல் கூடுகளை எடுத்தீர்கள். துணியைப் பசையில் நனைத்து, விரலில் சுற்றிக் காயவைத்துக் கல்லாக்கிய கூடுகள். உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நானும் ஒரு பாட்டுக்கு வாசிக்கிறேன்டா" என்றீர்கள். நாங்கள் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்ததை நீங்களே கொடுத்தீர்கள்.

தவில் மேடை ஏறினால் பேஸ் வாசிப்பவன் யோசிக்க வேண்டும். தவிலின் தொப்பிப் பக்கத்து, அதாவது குச்சியால் அடிக்கிற பக்கத்துக் கனமான அடி நான் நிற்கிற இடத்திலேயே வந்து விழும். அந்தப் பாட்டுக்கு மட்டும் என் லோ-வை, அதாவது அடிச்சத்தத்தைக் குறைத்து, மிட்-ஐ, அதாவது நடுச் சத்தத்தை ஏற்றிக்கொண்டேன். தொப்பி தரையைப் பிடித்துக்கொண்டது, பேஸ் அதன் தோளில் ஏறி நின்றது. எங்கள் பாட்டுகளில் ஆகச் சிறப்பாக ஒலித்தது அதுதான் என்று எனக்குத் தயக்கமில்லாமல் சொல்ல முடியும்.

அந்தச் சத்தத்தை மண்டபத்தின் கடைசி நாற்காலிவரை கொண்டுபோனவர் மைக் செட் அண்ணன். பி தந்தியின் அடிச்சுரம் 31 ஹெர்ட்ஸுக்குப் பக்கம். 18 இஞ்ச் ஸ்பீக்கர் பாக்ஸ் போட்டாலும் திருவிழா செட்டில் அவ்வளவு ஆழம் முழுசாக வராது. அதற்கு மேலே 62-இல் இருக்கிற சத்தம் தெளிவாக வந்தால் மிச்சத்தைக் காது நிரப்பிக்கொள்ளும். இதைச் சொன்னதும் அண்ணன் தலையாட்டிவிட்டுப் போய்விடவில்லை. என்னை ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசிக்கச் சொல்லி, மண்டபம் முழுக்க நடந்து நடந்து கேட்டு, எந்தச் சுரம் எந்த மூலையில் தேங்குகிறது என்று பார்த்து பாக்ஸ்களை இடம் மாற்றி வைத்தார். பெரிய ஊர் மேடைகளில்கூட எனக்கு அந்தப் பொறுமை கிடைத்ததில்லை.

அரிசி மில் ஐயாவை மறக்க முடியுமா? 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பயிற்சிக் கொட்டகையின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த நேரத்தில் எத்தனையோ பேருக்குத் தென்னந்தோப்பே போயிருந்தது; எங்கள் கொட்டகையைப் பற்றிப் பேசவே எங்களுக்கு மனம் வரவில்லை. கரண்டு வந்து ஊர் கொஞ்சம் நிமிர்ந்ததும் ஐயா தானாகக் கூப்பிட்டு மில் குடோன் சாவியைக் கொடுத்தார். இன்றுவரை அங்கேதான் பயிற்சி. தை அறுவடை முடிந்து நெல் மூட்டை கூரைவரை அடுக்கியிருக்கும்போது எதிரொலியே இருக்காது, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். எங்கள் பாட்டுகள் எல்லாம் அந்த மாதங்களில் உருவானவை.

இன்னொரு கடனும் இருக்கிறது. 2007 மார்ச் 17-ஆம் தேதி பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து மெட்டல் குழுவினர் வாசித்தார்கள். டிக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் தன் காசைப் போட்டு என்னைக் கூட்டிப் போன கல்லூரி சீனியர் அண்ணனுக்கு இது. அவர்களுடைய பேஸ்காரர் ஸ்டீவ் ஹாரிஸ், தந்தியை மீட்டுகிற பிக் இல்லாமல் இரண்டு விரலாலேயே குதிரைப் பாய்ச்சல் மாதிரி வாசித்ததை அன்று பார்க்காமல் இருந்திருந்தால் நான் பேஸ் வாங்கியிருக்க மாட்டேன். அண்ணே, வெளிநாட்டில் இருந்தாலும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும்.

அம்மாவுக்கு. பேஸ் தந்தி ஒரு செட் வாங்கினால் ஒரு கச்சேரிச் சம்பளம் போய்விடும். வியர்வையும் அழுக்கும் ஏறி மழுங்கின தந்தியைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் கொஞ்ச நாளைக்குப் புதுச் சத்தம் திரும்பும். அதற்கென்றே ஒரு அலுமினியப் பாத்திரத்தை ஒதுக்கி, "இதுல வேற எதையும் வைக்காதீங்க" என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவைத்தவள் அம்மா. தந்தியை எடுத்து, துடைத்து, துணியில் சுற்றி வைப்பதும் அவள்தான். வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்த அக்காவுக்கும், ராத்திரி கடையைச் சாத்தாமல் டீ போட்டுக்கொண்டே இருந்த அண்ணனுக்கும் நன்றி.

கடைசியாக, வந்தவர்களுக்கு. காரைக்காலிலிருந்தும் நாகையிலிருந்தும் பைக்கில் வந்தவர்கள், திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், உழவன் எக்ஸ்பிரஸில் காலையில் இறங்கி நாற்காலி போட உதவிய சென்னை நண்பர்கள், கறுப்புச் சட்டைகளுக்கு நடுவே வேட்டியில் வந்து உட்கார்ந்த மாமாவின் நாகஸ்வர சகாக்கள் எல்லாருக்கும். டிக்கெட் பணத்தில் மண்டப வாடகையும் மைக் செட் கணக்கும் தீர்ந்துவிட்டன. யாருக்கும் பாக்கி இல்லை. மிச்சமிருந்ததில் புது ஒயர்கள் வாங்கிவிட்டோம்.

மேடையோரம் யாரோ ஒருவர் கிளிப் டியூனர் ஒன்றை விட்டுப் போயிருக்கிறார். என்னிடம் பத்திரமாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பேஸ் வாசிக்கும் தம்பி,
கும்பகோணம்