எம்மாவுக்கு எத்தனை ம்?

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிறு நீ பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பெயர் சொன்னதும் நான் "சரி, சாப்பிட்டியா?" என்று கதையை மாற்றியதைக் கவனித்திருப்பாய். அதற்கு முதலில் மன்னித்துக்கொள். அப்பாவுக்குக் காது மந்தம் என்று தெரியும்தானே. நீ போனை வைத்ததும், "என்ன பெயராம், எமனா?" என்று கேட்டார். "எமா" என்றேன். "எமனுக்குப் பெண்சாதி மாதிரிக் கிடக்கு" என்றுவிட்டுப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவர் நன்றாக நித்திரை கொண்டார். எனக்குத்தான் வரவில்லை.

நீ சொன்ன காரணம் நியாயம்தான். உன் பெயரை அங்கே இங்கிலாந்தில் வேலைத்தளத்தில் நாலாய் முறித்து, கடைசியில் முதல் துண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு முறிக்க இடமில்லாத பெயர் வேண்டும் என்கிறாய். ஆனால் முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்டவள் நான். ஒரு பெயரை விசாரிக்காமல் வீட்டுக்குள் விட மனம் வரவில்லை. மூன்று நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் தேடித் தேடி வாசித்தேன்.

கேள், உன் முறிக்க முடியாத பெயரே ஒரு முறித்த துண்டுதான். பழைய ஜெர்மானிய மொழிகளில் எர்மின்ட்ரூட், எர்மின்கார்ட் என்று நீட்டு நீட்டாய்ப் பெயர்கள் இருந்திருக்கின்றன. அவற்றின் தலைத்துண்டைச் செல்லமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எம்மா ஆகியிருக்கிறது. நாங்கள் கோணேஸ்வரியைக் கோணா என்று கூப்பிடுவதில்லையா, அப்படி.

அந்தப் பெயரோடு இங்கிலாந்துக்குப் போனவளும் ஒரு வெளிநாட்டு மருமகள். 1002இல் அரசன் எதெல்ரெட்டைக் கட்ட நார்மண்டியிலிருந்து போயிருக்கிறாள். இந்தப் பெயர் அவர்களுக்கு அந்நியமாகப் பட்டதோ என்னவோ, ஆல்ஃப்கிஃபு என்று தங்கள் பெயரொன்றை அவளுக்கு வைத்தார்கள். (சொல்லிப் பார். எம்மா எவ்வளவோ மேல்.) அவன் செத்த பிறகு, நாட்டைப் பிடித்த கானூட்டையும் 1017இல் கட்டி இரண்டாம் தரமும் ராணியானாள். இன்றைக்கு அவளை எல்லோரும் எம்மா என்றுதான் எழுதுகிறார்கள். அதை வாசித்தபோது, உன் பெயரை முறித்தவர்கள் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் ஆறியது.

அமெரிக்காவில் 1880 தொடக்கம் பிள்ளைப் பெயர்களுக்குக் கணக்கு இருக்கிறது. அந்த வருஷம் மேரி, அன்னா, மூன்றாவது எம்மா. பிறகு மெல்ல மெல்லக் கிழவிகளின் பெயராகி, 1970களில் நானூறாம் இடத்துக்கும் கீழே போய்விட்டது. விசித்திரம் என்னவென்றால், அதே காலத்தில் இங்கிலாந்தில் அது முதல் பத்துக்குள். உன் அலுவலகத்தில் ஐம்பது வயசு எம்மாக்கள் இருக்கிறார்களா என்று பார், இல்லாமல் இருக்கமாட்டார்கள். அமெரிக்காவில் 1980களிலேயே திரும்ப ஏறத் தொடங்கி 2008இல் முதலாம் இடத்துக்கு வந்தது. பிறகு 2014 முதல் 2018 வரை ஐந்து வருஷமும் அதுவே முதலாவது. 2002இல் பெயர்பெற்ற ஒரு தொலைக்காட்சித் தொடரில் குழந்தைக்கு எம்மா என்று வைத்தார்களாம், அதனால்தான் ஏறியது என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தொடருக்கு முன்பே ஏறிக்கொண்டுதானே இருந்தது? அந்தப் பெயருள்ள கிழவிகள் எல்லாரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள், அதனால் பெயர் புதுசாகிவிட்டது.

என் இடாப்பிலும் இதைத்தான் கண்டேன். நான் படிப்பிக்கத் தொடங்கியபோது வகுப்புக்கு இரண்டு கோணேஸ்வரி, ஒரு புவனேஸ்வரி, ஒரு சிவகாமி. கோணேசர் ஊரல்லவா. பிறகு தர்ஷினி, நிரோஷினி, பிரியதர்ஷினி என்று ஒரு அலை. நீ அந்த அலையில் வந்தவள். நான் ஓய்வு பெறும் நேரம் எண் சாத்திரக்காரர் புகுந்து, 'ஷ' இல்லாத பிள்ளையே வகுப்பில் இல்லை. சில பெயர்களை வாய்க்குள் ஒருதரம் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவேன். கோணேசர் கோயில் அம்மனின் பெயர் மாதுமை எவ்வளவு வடிவு, அதை ஒரு பிள்ளைக்குக்கூட வைத்து நான் காணவில்லை. நீ அங்கே ஹாட்லிபூல் துறைமுகத்தில் போய்ப் படம் எடுத்து அனுப்பினாயே, 1817இல் பம்பாயில் கட்டின கப்பல், நம் ஊர்ப் பெயர் வைத்தது. அதுவே பல வருஷம் வேறு பெயரில் கிடந்து 1992இல்தான் தன் பெயரைத் திரும்பப் பெற்றது. மாதுமைக்கும் ஒருநாள் வரும்.

இனி, நான் எழுத வந்த விஷயம். அந்த நீட்டுப் பெயர்களின் தலைத்துண்டுக்கு 'முழுமை' என்று பொருள் போட்டிருந்தது. வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அம்மம்மாவைப் பூரணம் என்றே எல்லாரும் கூப்பிட்டதால் உனக்கும் அதுதான் தெரியும். அவவின் முழுப்பெயர் அன்னபூரணம். வாய்க்கு நீளம் என்று ஊர் அன்னத்தை வெட்டிவிட்டுப் பூரணத்தை வைத்துக்கொண்டது. வாசலுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் போகவிடாத மனுசியிடமிருந்து சோற்றைப் போய் வெட்டினார்கள் பார். நீ ஒன்றும் யோசிக்காமல்தான் தேர்ந்தாய், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அப்ப மாமியின்ர பெயர்தானே" என்றார்.

பிள்ளை கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்தால் 'எ' அதற்குரிய எழுத்துத்தான், ஐயரிடம் கேட்கத் தேவையில்லை. வேறு நட்சத்திரமென்றால் முப்பத்தோராம் நாள் காதில் ஓத வேறொன்று பார்ப்போம். அது வீட்டுக்குள் இருக்கட்டும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுத்தரமாட்டேன். தமிழில் எழுதும்போது ஒரு ம் போட்டு 'எமா' என்று எழுதாதே, அப்பா சொன்ன ஆள் அதற்குள் நிற்கிறார். இரண்டு ம். பருத்திச் சீலைத் துண்டில் சின்னத் தலையணை உறை தைத்து, பச்சை நூலால் பெயர் போட்டுக்கொண்டிருக்கிறேன். எழுத்தெல்லாம் முடிந்தது, முதல் ம்-க்கு மேலே புள்ளி மட்டும் மிச்சம். அதைச் சிவப்பில் வைக்கட்டுமா, பச்சையிலேயே வைக்கட்டுமா என்று மருமகனையும் கேட்டுச் சொல்லு. இங்கிருந்து ஒருவர் அடுத்த கிழமை லண்டன் வருகிறார், கொடுத்துவிட வேண்டும்.

அன்புடன்,
அம்மா