21 வேண்டாம், 10-க்கு வா

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் படிப்பை முடித்து வேலையிலும் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு மகிழ்ச்சி. வீட்டுக்காரரின் சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் நல்ல செய்திதான். ஆனால் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் உடனே பேனாவை எடுத்தேன். பல வருடமாக ஓடவில்லை, இருந்தாலும் 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், பார்ப்போம் என்கிறாய். என்னடி பார்ப்பது?

நானும் மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறேன், அதனால்தான் உரிமையோடு திட்டுகிறேன். 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக மலேசியா முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கழற்றி வைத்த சப்பாத்து. தெருவில் ஓடினாலே பிடித்துக்கொண்டு போன காலம் அது. மே மாதம் தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் அம்மா படுத்துவிட்டார். அப்புறம் ஒன்று போனால் இன்னொன்று. உனக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

இப்போது ஓடுவது நம் பழைய தோட்டத்துப் பாதையில்தான். நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. ரப்பர் பால்மரம் ஒன்றுகூட இல்லை, முழுக்கச் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள், கோயில் மட்டும் இருக்கிறது. குலை ஏற்றிய லாரி வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். நாய்த்தொல்லைக்கு ஒரு குச்சி கையிலேயே இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கெண்டைக்காலில் பிடிப்பு இருந்ததால், தொடங்குவதற்கு முன் ஓர் இயன்முறை மருத்துவரைப் பார்த்தேன். சின்னப் பெண், நம் மகள்கள் வயது. அவள் சொன்னதை அப்படியே உனக்கு எழுதுகிறேன். ஓட்டத்தை நிறுத்திய முதல் இரண்டு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறையத் தொடங்குகிறதாம். அது குறைந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளுகிற இரத்தமும் குறையும். அதனால்தான் பழைய வேகத்தில் பாதிக்கே நெஞ்சு படபடக்கிறது. திரும்ப ஓட ஆரம்பித்தால் முதலில் சரியாவதும் இதுதான். சில வாரத்தில் மூச்சு இலேசாகிவிடும், நாமும் பழைய ஆளாகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வோம்.

ஆனால் குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி ஓடுகிறதே, அந்தத் தசைநார் அவ்வளவு சீக்கிரம் தேறாது. அதற்கு மாதக்கணக்கு வேண்டும். எலும்புக்கும் அப்படித்தான். நம் வயதில் மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பின் அடர்த்தியும் குறைகிறது. (இத்தனை வருடத்தில் எந்தப் பயிற்சியாளராவது இதை நம்மிடம் சொல்லியிருக்கிறாரா? எல்லாரும் ஆண்கள்.) ஆக, மூச்சு தயார் என்கிறது, கால் தயாராகவில்லை. திரும்பி வருகிறவர்களுக்கு அடிபடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் என்றாள் அந்தப் பெண். நீயோ அந்த இடைவெளிக்குள் 21 கிலோமீட்டரைக் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறாய்.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டாமல் இருந்தால் போதும் என்று நீ எழுதியதையும் பார்த்தேன். அந்தக் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குழு பத்து விழுக்காட்டுக் கணக்கில் மெதுவாகக் கூட்டியது, மற்றது வழக்கமான, வேகமான திட்டத்தில் ஓடியது. 2008-இல் முடிவு வந்தது: இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். எனக்கென்னவோ மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகால் என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு. கடுத்தால் அன்றைக்கு நடை மட்டும்.

கொஞ்சம் ஓடுவேன், கொஞ்சம் நடப்பேன். ஓடும்போது பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்பார்கள். பேச்சுத் துணைக்கு ஆளில்லையே, அதனால் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ஓடுகிறேன். ஏழாம் வாய்ப்பாட்டில் இழுத்தால் நடைதான். குலை வெட்ட வரும் வங்காளதேசத்துத் தம்பிகள் என்னைப் பார்த்து என்ன நினைக்கிறார்களோ! வீட்டுக்கு வந்ததும் பசியாறுவதற்கு முன், படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றுகிறேன், பதினைந்து பதினைந்தாக மூன்று முறை. உப்புச்சப்பில்லாத வேலை. ஆனால் கெண்டைக்கால் பிடிப்பு விட்டதற்கு ஓட்டத்தைவிட இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வெயிலையும் மறந்துவிடாதே. நீ பகல் முழுக்கக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறவள். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். நம் நாட்டு ஈரக் காற்றில் அது வழிந்து சொட்டுவதோடு சரி. வெளியில் ஓடி உடம்பு இந்தச் சூட்டுக்குப் பழக இரண்டு வாரமாவது ஆகும். இங்கே விடியவே ஏழு மணி ஆகிவிடுகிறது, அதற்குள் பாதித் தூரத்தை முடித்துவிடப் பார்.

இன்னொன்று, உன் பழைய ஓட்ட நேரம். அதை இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கிறாய் என்று கடிதத்திலேயே தெரிகிறது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நம் மலேசிய ஓட்டக்காரர் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017-இல்தான் ஒருவர் முறியடித்தார், அதுவும் 20.90-இல். நம் பழைய நேரமும் அந்த மாதிரி ஐம்பது வருடம் பத்திரமாக இருக்கட்டும். யாரும் முறியடிக்க வேண்டாம், முக்கியமாக நாம்.

உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? பள்ளியில் 400 மீட்டர் ஓடும்போது முதல் வளைவிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கடைசி நேர்கோட்டில் தள்ளாடி வருவாய். நம் டீச்சர் ராஜமணியின் கதையைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார். தாப்பாவிலிருந்து போன பெண், 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம். அதே வருடம் தொடங்கிய தேசிய விளையாட்டு விருதை ஜெகதீசனோடு சேர்ந்து முதன்முதலில் வாங்கியவர். பேரை மட்டும் பிடித்துக்கொண்டாய், ஓட்டத்தைப் பங்கு பிரித்து ஓட வேண்டும் என்றதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். அங்கே ஏற்பாட்டாளரைக் கேள், 21-ஐ 10-க்கு மாற்றித் தருவார்களா என்று. முடியாது என்றால் கட்டின காசு போகட்டும், சட்டையை மட்டும் வாங்கிக்கொள். வருடக் கடைசியில் பினாங்குப் பாலம் மாரத்தான் இருக்கிறதே, அதில் இரண்டு பேரும் 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுப்போம். முழு மாரத்தான்காரர்கள் நள்ளிரவு தாண்டியதுமே கிளம்பிவிடுவார்கள், நமக்கு அந்தத் தூக்கக்கேடும் இல்லை. கால் ஒத்துழைத்தால் அதற்கடுத்த வருடம் அரை மாரத்தானைப் பற்றிப் பேசலாம்.

முந்தின நாளே இங்கே வந்துவிடு. சுங்கை சிப்புட்டில் ரயிலேறி பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெர்ரியில் பினாங்குத் தீவுக்குக் கடந்துவிடலாம். தங்குவதற்கு என் நாத்தனார் வீடு ஜெலுத்தோங்கில் இருக்கிறது; ஓடி முடித்து வந்தால் சோறு தயாராக இருக்கும், அவர் கைமணம் உனக்குத் தெரியுமே. பெயர் கொடுக்கும்போது சட்டை அளவு கேட்பார்கள். உன்னுடையது இப்போது M-ஆ, L-ஆ? பொய் சொல்லாமல் எழுது.

உன் கூட்டாளி,
மல்லிகா