சம்ப்புக்குள் ஒரு மண்டபம்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்பு நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. தாயும் சேயும் எங்களுடனேயே இருப்பதால், பேத்தி தூங்கும் நேரமே என் ஒலிப்பதிவு நேரம் என்றாகிவிட்டது. நீ ஆரணியிலிருந்து அனுப்பிய இரண்டு பாடல்களையும் நேற்றிரவு ஹெட்போனில் மூன்று முறை கேட்டேன். உன் குரல் நாற்பது ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. ஆனால் பதிவுக்குப் பின் நீ சேர்த்த ரிவெர்ப், அதாவது செயற்கை எதிர்முழக்கம், குரலோடு ஒட்டாமல் பக்கத்தில் தனியாக நிற்கிறது என்றும், அதற்கான மென்பொருளான பிளக்-இன்களில் எதை வாங்கினால் அது சரியாகும் என்றும் கேட்டிருக்கிறாய். எதையும் வாங்காதே, கோளாறு பிளக்-இன்னில் இல்லை, மைக் இருக்கும் அறையில் இருக்கிறது.

உன் மாடி அறை பத்துக்குப் பன்னிரண்டு, பூசிய சுவர், மொசைக் தரை, கான்கிரீட் கூரை. அங்கே நின்று நீ பாடும்போது மைக்கில் விழுவது உன் குரல் மட்டுமன்று. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சில மில்லி விநாடிகளுக்குள் அதன் முதுகிலேயே ஏறிக்கொள்கிறது. ஒரு சிறிய அறையின் அந்த முத்திரை விழுந்த குரலின் மேல் பெரிய மண்டபத்தின் ரிவெர்பைப் போர்த்தினால், காது இரண்டு இடங்களையும் ஒரே நேரத்தில் கேட்டுக் குழம்புகிறது. நீ சொல்லும் அந்த ஒட்டாமை இதுதான். அறையின் நடுவில் நின்று ஒரு முறை கையைத் தட்டிப் பார். தட்டிய பின் 'டிர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்டால், இணைச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுகிறது என்று பொருள். பதிவாகிவிட்ட பிறகு அதை எந்தக் கருவியாலும் முழுமையாகக் கழற்ற முடியாது.

இதில் நானும் பணத்தை விட்டவன்தான். முதலில் ஒரு கடைக்காரர் பேச்சை நம்பி, முட்டைத் தட்டுப் போன்ற ஓரங்குல ஃபோம் சதுரங்களை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினேன். மெல்லிய ஃபோம் உச்ச ஒலிகளை மட்டும் தின்றுவிட்டுக் கீழ் ஒலிகளை அப்படியே விட்டுவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. குரல் தகரப் பெட்டிக்குள் பேசுவது போல் ஆயிற்று. கடைசியில் கைகொடுத்தவை, பரணில் கிடந்த பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் மூன்று. இரண்டை எனக்குப் பின்னாலும் ஒன்றைப் பக்கவாட்டிலும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, மைக்குக்கு ஒரு சாண் தொலைவில் நின்று பாடினேன். அறை காணாமல் போயிற்று. இது ஒன்றும் பட்டிக்காட்டு வித்தை அன்று. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அரங்கில் பேச்சு புரியாமல் முழங்குகிறது என்று வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் சொன்னபோது, அவரும் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஆர்கன் என்ற காற்றிசைக் கருவியின் குழாய் ஒன்றை ஒலிக்கவிட்டு, அது அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்துதான் எதிர்முழக்கத்தின் கணக்கையே கண்டுபிடித்தார். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாட வேண்டும் என்பதுதான் நம் ஊரில் கூடுதல் தண்டனை. மே மாதத்தில் நான் விடியற்காலை நான்கு மணிக்குப் பதிவு செய்கிறேன்.

குரல் அறையொலி இல்லாமல் வறண்டு பதிவான பிறகு, ரிவெர்பைக் குரல் டிராக்கின் மேலேயே போடாமல், பஸ் எனப்படும் தனித் தடத்தில் முழு ஈரமாக, அதாவது நேர்க்குரல் கலக்காமல் வைத்து, சென்ட் எனப்படும் கிளை வழியாகக் குரலை அதற்கு வேண்டிய அளவு அனுப்பு. அனுப்புவதற்கு முன், ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ வைத்து அடியொலியையும் உச்ச ஒலியையும் வெட்டிவிடு. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் குறைத்துவிட்டே ரிவெர்புக்கு ஒலியை அனுப்பினார்கள் என்பது இத்தொழிலில் பலரும் அறிந்த செய்தி. முதலில் கேட்கும்போது 600 என்பது அதிகமாகத் தோன்றும்; எனக்கும் தோன்றிற்று, செய்து பார்த்தபின் மாற்றிக்கொண்டேன். தமிழ்ப் பாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். நீ பாடும் சந்தப் பாடலில் க்க, த்த, ட்ட என்று வல்லின ஒற்றுகள் அடுக்கடுக்காக வருகின்றன. ஒவ்வோர் ஒற்றிலும் உள்ள அந்த நொடிநேர மௌனம்தான் சந்தத்தைக் காட்டுகிறது. அடர்ந்த ரிவெர்ப் முதலில் நிரப்புவது அந்த மௌனத்தைத்தான். ஆடி மாதத்தில் மைக்செட்காரர் எக்கோ குமிழை முழுவதும் திருகிவிட்டால் பாட்டு யாருக்கும் புரியாமல் போவதும் இதனால்தான், ஆனால் அங்கே யாரும் புரிந்துகொள்ளக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். ச, ஸ, ஷ சீறினால் ரிவெர்ப் பஸ்ஸில் முதலில், சீறலை அடக்கும் ஒரு டீ-எஸ்ஸரை வை, குரலைத் தொடாதே.

பிரீ-டிலேயை, அதாவது குரலுக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் இடையிலான தாமதத்தை, நீ பூஜ்யத்தில் வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அதை 30லிருந்து 40 மில்லி விநாடி வரை ஏற்று. ஒலி ஒரு விநாடியில் சுமார் 343 மீட்டர் செல்கிறது. 35 மில்லி விநாடி என்றால், நேராக வரும் குரலைவிடப் பன்னிரண்டு மீட்டர் கூடுதலாகச் சுற்றிவந்த எதிரொலி. அதாவது பாடுபவர் நமக்கு அருகில் நிற்கிறார், சுவர்கள் தொலைவில் இருக்கின்றன. பூஜ்யமாக வைத்தால் பாடுபவரும் சுவரோடு சேர்ந்து தொலைவுக்குப் போய்விடுவார். பள்ளி நாட்களில் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் நீ முணுமுணுத்தாலே இனித்தது நினைவிருக்கிறதா? இன்றைய திருமண மண்டபத்தில் வழவழப்பான இணைச் சுவர்கள் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன. அங்கேயோ சிற்பம் செதுக்கிய தூண்கள் அதை நூறாக உடைத்துச் சிதறடிக்கின்றன, மிச்சம் திறந்த பக்கங்கள் வழியே வெளியேறிவிடுகிறது. பிளக்-இன்னில் 'டிஃப்யூஷன்' என்று எழுதியிருக்கும் குமிழ் இந்தத் தூண்களின் வேலையைத்தான் செய்கிறது. மிருதங்கத்துக்கு ரிவெர்ப் அரை விநாடிக்கு மேல் நீள வேண்டாம்; தொப்பி எனும் இடப்பக்கத்தின் கும்கி நாதம் குழையும். தம்புராவுக்கு ரிவெர்பே தேவையில்லை.

இனி என் வீட்டுச் செய்தி. சென்ற மாதம் கழுவுவதற்காகத் தரையடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பைக் காலி செய்திருந்தோம். 10 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி ஆழம், ஏறத்தாழப் பத்தாயிரம் லிட்டர். 1947இல் சிகாகோவில் பில் புட்னம் என்பவர் ஸ்டுடியோவின் கழிவறையில் ஒலிபெருக்கியும் மைக்கும் வைத்து இசைத்தட்டுக்கு எதிர்முழக்கம் பிடித்தார் என்று படித்தது நினைவுக்கு வரவே, எனக்குக் கை அரித்தது. மூடியை ஒரு நாள் முழுக்கத் திறந்துவைத்துக் காற்று வாங்கவிட்டு, மருமகனை மேலே நிற்கவைத்து, சிறிய ஸ்பீக்கரை ஒரு மூலையிலும் மைக்கை எதிர் மூலையில் சுவரைப் பார்த்தபடியும் இறக்கினேன். முதலில் ஒரு பலூனை உடைத்தேன். சபைன் கணக்கின்படி, கன அளவை 0.161ஆல் பெருக்கி, சிமென்ட் பூச்சு உறிஞ்சும் அளவால் வகுத்தால் கிட்டத்தட்ட மூன்று விநாடி வர வேண்டும். கணினியில் அலையை நீட்டிப் பார்த்தேன், ஏறக்குறைய அதுவே வந்தது. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மருமகன் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆனால் அகலமும் ஆழமும் ஒரே ஆறடியாக இருப்பதால் 94 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி இரண்டு மடங்காகக் குவிந்து, குடத்துக்குள் பேசுவது போல் முழங்குகிறது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டிய பிறகுதான் குரலுக்கு உதவிற்று. வெட்டிய பிறகு, உண்மையாகவே சொல்கிறேன், நான் காசு கொடுத்து வாங்கிய எதையும்விட நன்றாக இருக்கிறது. பலூன் சத்தங்களை எட்டுக் கோப்புகளாகச் சேமித்து, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுடன் வரும் ரியாவெர்பில் ஏற்றிப் பயன்படுத்துகிறேன்; அந்தச் சத்தத்தில் பதிந்த சம்ப்பின் முழக்கத்தை அது குரலுக்கும் கொடுத்துவிடுகிறது. உனக்கும் அனுப்புகிறேன்.

ரிவெர்பின் அளவு மட்டும் உன் காதுக்கு விட்ட வேலை. பாட்டு ஓடும்போது ரிவெர்ப் இருப்பதே தெரியக்கூடாது, ரிவெர்பை நிறுத்தினால் குரல் அநாதையாக வேண்டும். அந்த இடத்தில் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை விட்டுவிட்டு, மறுநாள் காலையில் இன்னும் கொஞ்சம் இறக்கு.

இரண்டாவது பாடலை மெத்தை வைத்து மறுபடி பாடி, ரிவெர்ப் எதுவும் போடாமல் வெறும் குரலை அனுப்பு. பக்கத்து வீட்டுத் தறி ஓயும் நேரமாகப் பார்த்துக்கொள். சம்ப்பில் தண்ணீர் ஏற்றியாகிவிட்டது. அடுத்து எப்போது கழுவுவோம் என்று வீட்டில் கேட்கப் பயமாக இருப்பதால், இப்போதைக்கு அந்த எட்டுக் கோப்புகள்தான் நம் மண்டபம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்