ஆள் கிடைக்கலையா, ஆள் தங்கலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

திருப்பூர்ல ஆள் பற்றாக்குறைன்னு உங்க பேப்பர்ல வந்த செய்திய படிச்சேன். முதலாளிங்க நாலஞ்சு பேர் பேசியிருந்தாங்க, எல்லாரும் ஒரே பாட்டுதான், டெய்லர் கிடைக்கல, வர்ற ஆளும் ரெண்டு மாசத்துல பக்கத்து கம்பெனிக்கு ஓடிடறான், இந்தக் காலத்து பசங்களுக்கு உடம்பு வளையல. நானும் இங்க ஒரு பனியன் கம்பெனில லைன் சூப்பர்வைசரா இருக்கேன், அதுக்கு முன்னாடி ஓவர்லாக் (துணி ஓரத்த சேர்த்துத் தைக்கற மிஷின்) டெய்லர். ஏன் போறீங்கன்னு ஒரே ஒரு டெய்லர்கிட்டயாவது உங்க நிருபர் கேட்டிருக்கலாம், கேக்கல, அதனாலதான் இந்த லெட்டர்.

ஒரு பேட்லாக் (மடிப்பு தைக்கற மிஷின்) டெய்லர் சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு திங்கக்கிழமை வரலைன்னு வைங்க. முதலாளிக்கு அது ஒரு ஷிஃப்ட் சம்பளம் மிச்சம் மாதிரி தெரியும். ஒருத்தர் தைச்சத அடுத்தவர் வாங்கித் தைக்கற லைன்ல நின்னு பாத்தாத்தான் தெரியும் கதை. அந்த ஒரு மிஷின் நின்னா அதுக்கு முன்னாடி இருக்கறவங்க தைச்ச பீஸ் அங்கயே மலையா குவியும், அதுக்கு அடுத்து இருக்கறவங்க பீஸ் இல்லாம சும்மா உக்காந்திருப்பாங்க, சும்மா இருந்தாலும் ஷிஃப்ட் சம்பளம் குடுத்துதானே ஆகணும். புதுசா ஒருத்தர புடிச்சுப் போட்டா அவருக்கு அந்த ஸ்டைல் கை பழகற வரைக்கும் பாதி பீஸ்கூட வராது, வந்ததுலயும் ஆல்ட்ரேஷன், அதாவது பிரிச்சுத் திரும்பத் தைக்கச் சொல்லி செக்கிங்ல திருப்பி அனுப்புவாங்க. கடைசில ஷிப்மென்ட் தேதி நெருங்கி கப்பல்ல போக வேண்டிய சரக்கு ஃபிளைட்ல போகும், அந்த ஆர்டர்ல வந்த லாபம் அதுலயே போயிடும். ஷிஃப்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குடுங்கன்னு அந்த ஆள் கேட்டப்ப கட்டுப்படி ஆகாதுன்னு சொன்னோமே, இது மட்டும் கட்டுப்படி ஆகுதா? இந்தக் கணக்க எந்த ஆபீஸ்லயும் எழுதி நான் பாத்ததே இல்லீங்க. சம்பளம் மட்டும் கணக்கு நோட்டுல செலவுன்னு பளிச்சுனு நிக்குது.

இன்னொண்ணு ஓவர்டைம். 1948 ஃபேக்டரி சட்டத்துல இருந்தே ஓவர்டைமுக்கு ரெண்டு மடங்குன்னுதான் இருக்கு. இங்க நிறைய இடத்துல நடக்கறது ஒண்ணரை ஷிஃப்ட், அந்த அரை ஷிஃப்ட்டுக்கும் அதே ரேட்டு. நைட்டு வரைக்கும் தைச்சுட்டு காலைல வர்ற ஆளோட கை எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க, ஊசி ஒடையறதும் தையல் விட்டுப்போறதும் அப்பதான்.

முதலாளிங்க பக்கமும் நியாயம் இல்லாம இல்ல. வெளிநாட்டு பையர் வருஷா வருஷம் ரேட்ட குறைன்னுதான் கேக்கறான், 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா வரிய 50% ஆக்கினப்ப ஆர்டர் நின்னுபோய் எத்தன கம்பெனி தவிச்சுதுன்னு நாங்களும் பாத்தோம். ஆனா அந்த மாதிரி நேரத்துல தாக்குப்புடிக்கறதுக்குத்தான் தேர்ந்த ஆள் வேணும். 2020 லாக்டவுன்ல வடநாட்டு பசங்க ஊருக்குப் போனப்பவும், 2023 மார்ச்ல வடநாட்டு ஆளுங்கள இங்க அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவி பயந்து ரயிலேறினப்பவும் மிஷின் எல்லாம் காலியா கிடந்துச்சே, அப்ப எந்த கம்பெனிக்கு ஆளுங்க சீக்கிரம் திரும்பி வந்தாங்க? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சம்பளத்த ஒழுங்கா குடுத்து, தங்கற ரூமுக்கு தண்ணியும் ஃபேனும் வெச்சிருந்த கம்பெனிக்குத்தான்.

பயிற்சி விஷயத்துக்கு வர்றேன், இதத்தான் முக்கியமா எழுத நினைச்சேன். எங்க ஏரியால துணி மடிக்கற கைமடி, பிசிறு நூல் வெட்டற டிரிம்மிங், செக்கிங்னு வருஷக்கணக்கா ஒரே டேபிள்ல நிக்கற பொம்பளைங்க எத்தன பேர். மிஷின்ல உக்காந்தா சம்பளம் கூடும்னு அவங்களுக்குத் தெரியும், உக்கார விடத்தான் ஆள் இல்ல, பீஸ் வீணாயிடும் ஊசி ஒடஞ்சிடும்னு வெரட்டுவாங்க. சாப்பாட்டு நேரத்துல காலி மிஷின்ல வேஸ்ட் துணிய போட்டு தைச்சுப் பழகின ஒரு அக்கா இப்ப ஓவர்லாக், பேட்லாக் ரெண்டும் ஓட்டறாங்க, எந்த மிஷின்ல ஆள் இல்லைன்னாலும் அவங்கள உக்கார வெச்சா லைன் ஓடிடும். வெளியூர்ல ஏஜென்ட் புடிச்சு கமிஷன் குடுத்து டெய்லர் தேடற முதலாளி தன்னோட செக்கிங் டேபிள திரும்பிப் பாக்க மாட்டேங்கறாரே.

பயிற்சி குடுத்தா கத்துக்கிட்டு ஓடிடுவாங்கன்னு ஒரு பயம் இருக்கு பாருங்க, அதுக்கு பெங்களூர்ல பதில் இருக்கு. அங்க ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஃபேக்டரிகள்ல பொம்பளை டெய்லருங்களுக்கு, பேசறது, நேரத்த திட்டம் போடறது, பிரச்சனைய சமாளிக்கறது இப்படி சொல்லிக்குடுத்து ஆராய்ச்சி பண்ணாங்க. உற்பத்தி 13 சதவீதத்துக்கு மேல கூடுச்சு, வேலைய விட்டுப் போறது கூடல, போட்ட காசுக்கு கம்பெனிக்கு பயிற்சி முடிஞ்ச எட்டு மாசத்துலயே 250 சதவீதத்துக்கு மேல லாபம். நல்ல விஷயம்தான். ஆனா அந்தப் பொம்பளைங்க சம்பளம் எவ்வளவு கூடுச்சு தெரியுமா, வெறும் அரை சதவீதம். இத படிச்சுட்டு எனக்கு சந்தோஷப்படறதா கோவப்படறதான்னு தெரியல. கத்துக்குடுத்த கம்பெனி முதல்ல லாபம் எடுக்கட்டும், தப்பில்ல, மொத்தத்தையும் எடுத்துக்கிட்டா அப்புறம் யாருங்க ஆர்வமா கத்துக்க வருவா?

இங்க முதலாளி சங்கமும் தொழிற்சங்கமும் உக்காந்து நாலு வருஷத்துக்கு ஒருக்கா சம்பள ஒப்பந்தம் போடறாங்க. 1984ல பஞ்சப்படிக்காக 127 நாள் ஸ்ட்ரைக் நடந்த ஊர் இது, பேசி வாங்கறது எங்களுக்கு புதுசு இல்ல. ஆனா பேச்சு எப்பவுமே எத்தன சதவீதம் உயர்வுங்கறதுலயே முடிஞ்சுடுது. ரெண்டாவது மிஷின் கத்துக்கிட்டவங்களுக்கு இவ்வளவு, ஹெல்பர்ல இருந்து டெய்லர் ஆனா முதல் வாரத்துல இருந்தே டெய்லர் ரேட்டுன்னு தனியா எழுதி வைக்கலாமே. இது சரிவருமான்னு ரெண்டு தரப்புகிட்டயும் உங்க நிருபர அனுப்பி கேட்டு எழுதுங்க. அப்படியே ஷிஃப்ட் விடற நேரத்துல கம்பெனி வாசல்ல வந்து நின்னு நாலு டெய்லருங்ககிட்டயும் பேசச் சொல்லுங்க, டீ நான் வாங்கித் தர்றேன்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனி லைன் சூப்பர்வைசர் ஒருத்தர்,
திருப்பூர்
(பேர் போட வேண்டாமுங்க)