நூறு லிட்டருக்குக் கைக்கு வந்தது எவ்வளவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூத்த மாடு கிடாரி ஈன்றதும், இந்த முறை நஞ்சுக்கொடி தானாகவே விழுந்ததும் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. போன ஈற்றில் நீ இரண்டு ராத்திரி கொட்டகையிலேயே கிடந்தது இன்னும் மறக்கவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீ. இங்கே எல்லோரும் நலம். நாலு மாடு கறவையில் இருக்கிறது, இரண்டு வற்றில், ஒரு கிடாரிக்கு இப்போதுதான் முதல் சினை.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாய். எனக்கு லிட்டருக்கு நூறு என்றால் உனக்கு நூற்று நாலு வருகிறது, இப்போது புதிதாக வந்திருக்கும் கம்பெனி அதற்கும் மேல் மூன்று சேர்த்துத் தருகிறது, அடுத்த மாதம் மாறிவிடப் போகிறேன் என்று. அதைப் படித்துவிட்டு உன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து, நீ எழுதிய கொழுப்பு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) அளவுகளைத் தேடிக் கணக்குப் போட்டேன். மாறாதே என்று சொல்ல வரவில்லை. மாறுவதற்கு முன்னால் இதை ஒருமுறை நிதானமாகப் படி.

உன் பாலில் கொழுப்பு 4.4 சதவீதம், எஸ்.என்.எஃப் 8.6 சதவீதம். என்னுடையது 3.8-உம் 8.4-உம். அதாவது நூறு கிலோ பாலில் உனக்கு 13 கிலோ திடச்சத்து, எனக்கு 12.2 கிலோ. கம்பெனிக்காரன் பணம் கொடுப்பது இதற்குத்தான், மீதி தண்ணீர். நூறு லிட்டர் பால் ஏறக்குறைய 103 கிலோ எடை இருக்கும், ஆகவே நூறு லிட்டரில் நீ ஊற்றும் சத்து 13.39 கிலோ, நான் ஊற்றுவது 12.57 கிலோ. இப்போது வகுத்துப் பார். எனக்கு லிட்டருக்கு நூறு வந்தால் ஒரு கிலோ சத்துக்கு 796 விழுகிறது. உனக்கு நூற்று நாலு வந்தும் ஒரு கிலோ சத்துக்கு 777தான். லிட்டர் விலையில் நீ முன்னால் நிற்கிறாய், சத்துக்கு வாங்கும் விலையில் எனக்குப் பின்னால் நிற்கிறாய். அதிலும் உன்னிடம் கூடுதலாக இருப்பதில் பெரும்பகுதி கொழுப்பு. பல இடங்களில் எஸ்.என்.எஃப்-ஐ விடக் கொழுப்புக்கு அதிக விலை வைப்பார்கள் என்பதையும் சேர்த்தால் உனக்கு விடுபடுவது இன்னும் அதிகம்.

ஆனால் இந்தக் கணக்கே ஒரு இடத்தில் தலைகீழாகப் புரளும். பால் ஊற்றியதற்குத் தரும் உன் சீட்டில் இருப்பது லிட்டரா கிலோவா? எல்லோரும் வாய்ப்பழக்கத்தில் லிட்டர் என்றுதான் சொல்வோம், பால் நிறுப்பது மட்டும் தராசில் இருக்கும். கிலோவுக்கு நூற்று நாலு என்றால் லிட்டருக்கு அது நூற்று ஏழைத் தொடும், சத்துக் கணக்கில் நீ என்னைத் தாண்டிவிடுவாய். அதேபோல, நீ இப்போது ஊற்றும் இடம் கிலோ கணக்கிலும் புதிய கம்பெனி லிட்டர் கணக்கிலும் இருந்தால், அவர்கள் கூட்டித் தருவதாகச் சொல்லும் அந்த மூன்று அங்கேயே கரைந்துவிடும். முதலில் இதைப் பார்.

அப்புறம் அவர்கள் சொல்லும் விலை எந்தப் பாலுக்கு என்று கேள். எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு எஸ்.என்.எஃப் இருந்தால் அந்த விலை, ஒவ்வொரு பத்தில் ஒரு பாயிண்டுக்கும் (0.1 சதவீதம்) எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும். ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் ஒரே அளவில் இருக்காது. சில அட்டவணைகளில் மேலே போகும்போது சின்னப் படி, கீழே வரும்போது பெரிய படி. அட்டவணையை வாயால் சொன்னால் போதாது, காகிதத்தில் வாங்கு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் இதே மாதிரி மாறினேன், உனக்கு அப்போது முழுசாகச் சொல்லவில்லை. பால் குறைவாக இருந்த பருவம், கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு விலை சொன்ன நேரம். நான் பார்த்தது விலையை மட்டும்தான். நாலு மாதம் நன்றாகவே போனது. தீவனம் பச்சையாகி எல்லார் வீட்டு மாடும் கறக்க ஆரம்பித்ததும் வாரத்தில் ஒரு நாள் வண்டி வராது என்றார்கள், அப்புறம் இரண்டு நாள் ஆனது. அந்தப் பாலை நான் என்ன செய்வேன், கொஞ்சம் காய்ச்சினோம், கொஞ்சம் கன்றுகளுக்குக் கொடுத்தோம், மீதி மண்ணில் போனது. பத்து நாளில் வந்துகொண்டிருந்த பணம் நாற்பது நாளானது, தீவனக் கடைக்காரரிடம் முகம் காட்ட முடியவில்லை. வருடக் கடைசியில் பழைய சங்கத்தில் ஊற்றியவர்கள் போனஸ் வாங்கினார்கள், நடுவில் விலகியதால் எனக்கு அது கிடையாது. எல்லாவற்றையும் கூட்டி, ஊற்ற முடியாமல் போன பாலையும் சேர்த்து, வருடம் முழுக்கக் கறந்த லிட்டரால் வகுத்தேன். பழைய இடத்தில் கிடைத்திருக்க வேண்டியதைவிடக் குறைவாகவே வந்தது. அந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் ஒரு மாத விலையை இன்னொரு மாத விலையோடு ஒப்பிடாதே. பன்னிரண்டு மாதம், அதில் பால் பெருகும் காலமும் வற்றும் காலமும் இரண்டுமே வரவேண்டும். வண்டிக் கூலி, குளிரூட்டும் கட்டணம், சந்தா எல்லாவற்றையும் கழி. ஆனால் தீவனக் கடனுக்குப் பிடிப்பதைக் கழிக்காதே, அது நீ வாங்கிய பொருளுக்கு நீ கொடுக்கும் பணம், பால் விலையில் சேராது. போனஸ் வந்தால் அதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துப் போடு.

நெதர்லாந்தில் எல்.டி.ஓ என்ற விவசாயிகள் அமைப்பு பல வருடங்கள் செய்துவந்த வேலை இது. ஐரோப்பாவின் பெரிய பால் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் என்ன விலை தருகின்றன என்று மாதாமாதம் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக விலை சொல்லும் என்பதால், 4.2 சதவீதம் கொழுப்பும் 3.4 சதவீதம் புரதமும் உள்ள ஒரே பாலை எல்லோரிடமும் ஊற்றினால் என்ன கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள், பிற்பாடு தரும் கூடுதல் தொகையும் அதில் சேர்ந்தது. அப்போதுதான் யார் உண்மையில் அதிகம் தருகிறார்கள் என்று தெரியும். நீயும் நானும் இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் செய்யலாம், இரண்டு பேர் போதும்.

அடுத்தது கருவி. எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். ஒரே கேனில் நன்றாகக் கலக்கி ஒரே நேரத்தில் எடுத்த பாலை இரண்டு பாட்டிலில் ஊற்றி இரண்டு இடத்தில் சோதித்தேன், கொழுப்பில் 0.3 வித்தியாசம் வந்தது. யாரும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. கலக்காமல் மேலாக எடுத்தால் கொழுப்பு கூடும், அடியில் எடுத்தால் குறையும். பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் என்றால் பாலின் சூட்டையும் பார்க்க வேண்டும், கருவி குறித்த வெப்பத்தைவிடப் பால் ஐந்து டிகிரி சூடாக இருந்தாலே லாக்டோமீட்டர் அளவு ஏறக்குறைய ஒன்று குறைந்து காட்டும், திருத்தம் போடாவிட்டால் அது எஸ்.என்.எஃப்-இல் கால் பாயிண்ட் போனதற்குச் சமம். ஒருநாள் போனால் பரவாயில்லை, தினமும் காலையில் கறந்த சூட்டோடு ஊற்றுகிறவனுக்கு வருடம் முழுக்கப் போகும். மின்கருவியிலும் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் தனித்தனி அளவீடு உண்டு, மாறிப்போனால் எண்ணும் மாறிப்போகும். எப்போது சரிபார்த்தீர்கள் என்று மரியாதையாகக் கேள், அப்படிக் கேட்பதில் தவறே இல்லை.

ஒரு காலத்தில் இந்தச் சோதனையே கிடையாது, அளவுக்குத்தான் காசு. தண்ணீர் கலந்தவனுக்கும் பாலாடை எடுத்தவனுக்கும் நல்ல பால் கொண்டுவந்தவனுக்கும் ஒரே விலை. 1890-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்டீபன் பாப்காக் என்ற வேதியியலாளர், அமிலம் ஊற்றிச் சுழற்றிக் கொழுப்பை அளக்கும் எளிய முறையைக் கண்டுபிடித்தார். சிற்றூர்ப் பால் நிலையத்திலேயே செய்யலாம். அதற்குக் காப்புரிமை வாங்காமல் எல்லோருக்கும் விட்டுவிட்டார். சுவிட்சர்லாந்தின் கெர்பர் முறையும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்தது. விவசாயி ஏமாறக்கூடாது என்று வந்த சோதனை இது, அதை நாம் பார்க்காமல் சீட்டை மட்டும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிறோமே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றும் விசாரி: புதிய கம்பெனி பாலை என்ன செய்கிறது? பாக்கெட் பாலாக விற்கிறவனுக்கு ஒரு கணக்கு, சீஸ் செய்கிறவனுக்கு வேறு கணக்கு. ஒரு கிலோ சீஸுக்குச் சுமார் பத்து லிட்டர் பால் போகும், எத்தனை கிலோ கிடைக்கும் என்பதைக் கொழுப்போடு புரதமும் முடிவு செய்யும், அதனால் அவன் புரதத்துக்குத் தனியாகக் கொடுக்கத் தயாராக இருப்பான். நியூசிலாந்தில் விலையே கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்றுதான். வெண்ணெயும் பால் பொடியும் செய்கிறவன் விலை உலகச் சந்தையோடு ஆடும். 2008-இல் தொடங்கி, இப்போது இணையத்தில் மாதம் இரண்டு முறை நடக்கும் குளோபல் டெய்ரி டிரேட் ஏலத்தில் பொடி விலை விழுந்தால், எங்கோ ஒரு கொட்டகையில் கறக்கிறவனுடைய சீட்டிலும் கொஞ்ச நாளில் அது தெரியும். ஐரோப்பாவில் 1984 முதல் இருந்த உற்பத்திக் கட்டுப்பாட்டை 2015 மார்ச் 31-உடன் எடுத்தார்கள், உற்பத்தி கூடியது, உலகச் சந்தையும் மந்தமாக இருந்தது, 2016-இல் அங்கே பல விவசாயிகள் செலவுக்கும் கட்டாத விலைக்குப் பால் ஊற்றினார்கள். நம் மாடு செய்த தப்பு எதுவும் அதில் இல்லை, நாம் செய்த தப்பும் இல்லை, ஆனாலும் விலை இறங்குகிறது. இறங்கும் காலத்தில் யார் பாலை மறுக்காமல் எடுப்பான் என்பதுதான் எனக்கு இப்போது முதல் கேள்வி.

தனியாகப் போய்க் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள் என்பதையும் பட்டுத் தெரிந்துகொண்டேன். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946-இல் விவசாயிகள் பதினைந்து நாள் பால் ஊற்றாமல் நின்றார்கள், திரிபுவன்தாஸ் படேல் ஊர் ஊராகப் போய்ச் சங்கங்களைக் கட்டினார், அந்த வருடம் டிசம்பர் 14-இல் அவர்களுடைய ஒன்றியம் பதிவானது. அமுல் அங்கிருந்து வந்ததுதான். நம்மால் அவ்வளவு பெரிதாக முடியாது, சரி. ஆனால் உன் பக்கத்தில் பால் ஊற்றும் ஏழெட்டுப் பேர் தங்கள் சீட்டுகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டாலே போதும், அட்டவணையில் யாருக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். நான் இங்கே அப்படித்தான் ஆரம்பித்தேன், ஆறு பேர். முதலில் எல்லோரும் தயங்கினார்கள், சீட்டைக் காட்டுவது என்றால் வருமானத்தைக் காட்டுவது மாதிரி அவர்களுக்கு. இப்போது மாதக் கடைசியில் அவர்களே கொண்டுவருகிறார்கள், போன மாதம் கருவியைச் சரிபார்க்கச் சொல்லி ஆறு பேரும் சேர்ந்து போய்க் கேட்டோம், மறுவாரமே சரிபார்த்தார்கள்.

உன் மாட்டைப் பற்றி ஒன்று. ஈன்ற புதிதில் அடர்தீவனத்தைத் திடீரென்று ஏற்றிவிடாதே, நார்ச்சத்து குறைந்தால் கொழுப்பு விழும். மடியை முழுசாகக் கற, முதல் பீச்சில் கொழுப்பு மிகக் குறைவு, கடைசிப் பாலில்தான் கூடுதல். மடிநோய் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தாலும் எஸ்.என்.எஃப்-ஐத் தின்றுவிடும், நாலு காம்பையும் அடிக்கடி சோதித்துக்கொள்.

சரி, இப்போது உன் வேலை. கடந்த பன்னிரண்டு மாதச் சீட்டுகளை எடுத்து மாதவாரியாக லிட்டரா கிலோவா, மொத்த அளவு, சராசரிக் கொழுப்பு, எஸ்.என்.எஃப், பிடித்தம், கைக்கு வந்தது, வந்த தேதி என்று எழுதி அனுப்பு. புதிய கம்பெனியின் அட்டவணையையும் படம் எடுத்து அனுப்பு, ஒப்பந்தம் என்று ஏதாவது நீட்டினால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதையும். நான் உட்கார்ந்து இரண்டையும் உன் பாலுக்கே போட்டுப் பார்த்து ஒரு வாரத்துக்குள் பதில் எழுதுகிறேன். உண்மையிலேயே அவர்கள்தான் அதிகம் தருகிறார்கள் என்று வந்தால், நீ மாறிய அடுத்த மாதம் நானும் அவர்களிடம் விசாரிப்பேன்.

அம்மா முட்டியைப் பற்றி எழுத மறக்காதே. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்